பள்ளிக்கூடத்துக்கு மீட்டர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்

ரொக்கியா டீச்சர் மாற்றலாகிப் போன மறுவாரமே பாயா லிந்தாங் பள்ளிக்கூடம் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தின் மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் வீடு கட்டினால் வீட்டுக்காரியை நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்நுனிக்கு விரல்நுனி கயிறு பிடிப்பார்கள். அதுதான் ஒரு பாகம். தூண், உத்தரம் எல்லாம் அந்தக் கணக்கு. வீடும் விசுவாசமானது. மனைவி கோபித்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்தால் கூடம் குறுகும். எங்கள் ஊர்க் கணவர்கள் சமாதானம் பேச ஓடுவது அன்பினால் மட்டுமல்ல, முட்டி இடிப்பதாலும்தான். பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்காரி ஏது? தச்சர் டெராமான் யோசித்து, பாக்குமரம் மாதிரி நெடுநெடுவென்று நின்ற ரொக்கியா டீச்சரின் கையை அளந்து கட்டி முடித்தார்.

அவருக்குப் பதிலாக வந்த சலேகா டீச்சருக்குக் கரும்பலகையில் பாதிதான் எட்டும். பள்ளிக்கூடம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தன்னைக் குறுக்கிக்கொண்டது. பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தார்கள். "ஆளு ஒரு சாண், பள்ளிக்கூடம் அரைச் சாண்" என்று காப்பிக்கடையில் டெராமான் சொல்ல, ஊரே சிரித்தது. பிறகு மாவட்டத்திலிருந்து தகவல் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் அதிகாரி வருகிறார், அறை ஒன்பது மீட்டர் இல்லையென்றால் பள்ளியை மூடிவிடுவார், பிள்ளைகள் முதலை கிடக்கும் ஆற்றைப் படகில் தாண்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான். சலேகா டீச்சர் துணிக்கடைக்காரி திமாவிடம் போய் அழுதார். "நான் குள்ளமாப் பொறந்ததுக்கு இந்தப் பிள்ளைங்க படிப்பா போகணும், அக்கா?"

முதலில் மாக் சோம் உதவிக்கு வந்தார். ஊரிலேயே நீளக் கைக்காரி. அவர் நடுவில் நின்று கைகளை நீட்டியதும் பள்ளிக்கூடம் அப்பம்போல் உப்பியது. ஆனால் அவருடைய சொந்த வீட்டுக்கு ரோஷம் வந்து, கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட கணவர் கத்தினார்: "ஊரான் கட்டடத்துக்குப் போய்க் கை நீட்டுனியாமே. ஜன்னலும் தெறக்க மாட்டேங்குது. வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுடி." மாக் சோம் ஓடினார். பள்ளிக்கூடம் முன்னைவிடச் சின்னதானது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது இதுதான்.

சலேகா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார். அவரவர் சாணால் சுவரை அளக்கச் சொன்னார். ரம்லிக்கு நாற்பது, திமாவின் மகள் மெலோருக்கு அறுபது. பள்ளிக்கூடம் பாவம், எல்லார் பேச்சையும் கேட்டது. ரம்லி பக்கம் ஒரு நீளம், மெலோர் பக்கம் ஒரு நீளம் என்று இழுபட்டு, கூரை பிழிந்த துணியாக முறுக்கிக்கொண்டது.

"என் கணக்குதான் சரி" என்றான் ரம்லி.

"ஒன் கை கொரங்குக் கை" என்றாள் மெலோர்.

"சண்டை போதும். அப்ப யார் கையைத்தான் அது கேக்கணும்?" என்றார் டீச்சர்.

மெலோர் யோசித்தாள். "யார் கையும் வேணாம் டீச்சர். எங்கம்மா கடையில இரும்புக் கோல் இருக்கு. யாரு புடிச்சாலும் அதே நீளம். அதுக்குக் கோபம் வராது, மாமியா வீடும் கெடையாது."

அன்று முதல் தினமும் காலையில் பிள்ளைகள் அந்த மீட்டர் கோலைச் சுவரோரம் ஒன்பது முறை வைத்து, "ஒரு மீட்டர்" என்று ஒவ்வொரு முறையும் சேர்ந்து கத்தினார்கள். முதல் நாள் பள்ளிக்கூடம் கோலையே புது டீச்சர் என்று நினைத்து விறைத்து நின்றது. சலேகா டீச்சர் வாசலில் நின்று நிலைப்படியின் மேல்கட்டையைத் தடவிக்கொடுத்து, "பயப்படாத, மெதுவா வா" என்பார். மழைக்காலம் முடிவதற்குள் அது கற்றுக்கொண்டது. பிறகு யார் கை நீட்டினாலும், யார் கை கட்டினாலும் அசையவில்லை.

அதிகாரி வந்து நாடாவை இழுத்துப் பார்த்தார். மயிரிழை பிசகாமல் ஒன்பது மீட்டர். திருப்தியாகத் திரும்பியவர் வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டார். சுவருக்கெல்லாம் மீட்டர் சொல்லிக்கொடுத்தவர்கள் வாசலை மறந்துவிட்டார்கள். அதற்குத் தெரிந்தது டீச்சரின் கை மட்டுமே. பள்ளிக்கூடம் பிழைத்தது. மறுநாள் டெராமான் வாசலை உயர்த்த ரம்பத்தோடு வந்து, குனிந்து உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் வாசலை மறித்தார்கள்.

"அது டீச்சர் அளவு. தொடாதீங்க."

டெராமான் காப்பிக்கடையில் தான் அடித்த கேலியையும், இப்போது குனிந்து நுழைந்ததையும் நினைத்துக்கொண்டு ரம்பத்தைக் கீழே வைத்தார்.

இன்றும் அப்படித்தான் இருக்கிறது. பெரிய பெரிய அதிகாரிகள் வந்தார்கள், குனிந்தார்கள். பெருநாள் விருந்துக்கு வந்த ரொக்கியா டீச்சர்கூடக் குனிந்தார். சலேகா டீச்சர் மட்டும் நிமிர்ந்தபடி நுழைவார்.