மகளின் புத்தகத்தைப் படித்த சனிக்கிழமை

சனிக்கிழமை எஸ்டேட்டில் அரை நாள்தான் வேலை. பறித்த காப்பிப் பழத்தை எடை போடும் இடத்தில் கொட்டிவிட்டு சுகுணா தொழிலாளர் குடியிருப்பில் இருந்த லைன் வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. மகள் கீர்த்திகா இன்னும் வந்திருக்கவில்லை. பிளஸ் டூ படிக்கிறவள். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக் காலையிலேயே யூனிஃபார்மில் கிளம்பியிருந்தாள். ஒரு மணிக்கு முடிந்துவிடும் என்றும் சொல்லியிருந்தாள்.

மூன்று நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. தலையணை உறைகளையாவது அடுப்புப் பக்கம் போடலாமென்று சுகுணா உருவியபோது, மகளின் தலையணைக்குள்ளிருந்து ஒரு தடித்த புத்தகமும் ஒரு நோட்டும் விழுந்தன.

புத்தகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். 'வெண்பனிக் கோட்டையின் ஏழாம் கதவு'. கறுப்பு அட்டையில் வெள்ளிச் சிறகு முளைத்த ஒருவன், அவன் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண். பொதுத்தேர்வு முடிகிறவரை கதைப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று கீர்த்திகாவின் அப்பா சக்திவேல் தீபாவளிக்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். தலையணைக்குள் வைத்துப் படிக்கிறாளா என்ற எரிச்சலோடு சுகுணா நோட்டைத் திறந்தாள். கடைசியாக எழுதிய பக்கத்தில் முந்தின நாள் தேதி இருந்தது. கீழே, அடித்துத் திருத்தாமல் இப்படி எழுதியிருந்தது:

நான் இல்லாத காலையில்
என் தட்டைக் கவிழ்த்து வை.
என் பாயைச் சுருட்டி
மூலையில் நிறுத்து.
மலை என்னைக் கீழே விடுகிறது,
அம்மா.
நீ மட்டும் கொஞ்சம் தாமதமாக
என் கையை விடு.

சுகுணா நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தாள்.  

மஞ்சக்குட்டையில் இருக்கும் ஐஸ்வர்யாதான் கீர்த்திகாவின் நெருங்கிய சிநேகிதி. கீர்த்திகாவிடம் போன் கிடையாது. சுகுணா ஐஸ்வர்யாவுக்குப் போன் செய்தாள்.

"ஸ்பெஷல் கிளாஸா? இன்னிக்கு லீவுங்களே ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகு சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

"அப்ப கீர்த்தி எங்க போனா கண்ணு?"

"எனக்கு… தெரியலீங்க ஆன்ட்டி."

சுகுணா அதட்ட நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி. "அந்தச் சிறகு வெச்சவன் படம் போட்ட புக்கை நீயும் படிச்சிருக்கியா? கடைசில அந்தப் புள்ள என்ன ஆவுறா?"

"அவ… மலை உச்சிக்குப் போயி, அங்கிருந்து… ஏனுங்க ஆன்ட்டி, இப்ப எதுக்கு அதைக் கேக்கறீங்க?"

லைன் அறுந்துவிட்டது. மழை பிடித்தால் அந்தப் பக்கம் டவர் போய்விடும். சுகுணா நான்கு தடவை முயன்றாள். சக்திவேலைக் கூப்பிடலாம், எஸ்டேட் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு திருச்சி ரோட்டில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பான். கூப்பிட்டு என்ன சொல்வது? நினைப்பதை வாய்விட்டுச் சொன்னால் அது நடந்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். இயல் என்ற பதினேழு வயதுப் பெண் மூடுபனிக்குள் மலையேறுகிறாள். உச்சியில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை. அதுதான் ஏழாம் கதவு. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கீர்த்திகா எழுதியிருந்தாள்: 'அய்யோ, நம்ம சேர்வராயன் கோயிலேதான்!' அந்தக் கோயிலும் மலை உச்சியில், ஒரு குகைக்குள்தான் இருக்கிறது.

சுகுணா புத்தகத்தையும் நோட்டையும் ஒரு பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஷேர் ஜீப் ஓட்டும் விஜயகுமார் ஆள் கிடைக்காமல் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான்.

"சேர்வராயன் கோயிலுக்கு விடு சாமி."

"இந்த மழைலயா? கோயில்ல இன்னிக்கு என்ன விசேஷங்க்கா?"

"நீ வண்டியை எடு."

அவள் முகத்தைப் பார்த்த விஜயகுமார் வண்டியைத் திருப்பினான்.

ஜீப் குலுங்கக் குலுங்க அவள் படித்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதற்குப் பிறகு ஒரு கதையை முழுதாகப் படித்ததில்லை. இப்போதும் முழுதாகப் படிக்கவில்லை. திறந்த இடத்தில் படித்தாள், தாவினாள், மறுபடி படித்தாள். மகள் எங்கே போயிருப்பாள் என்பது எந்தப் பக்கத்திலாவது இருக்கும் என்று தேடினாள்.

நீலாயன் என்பவன்தான் அந்தச் சிறகுக்காரன். அவனுக்கு வயது முந்நூறு. பார்க்கப் பத்தொன்பது மாதிரி இருப்பானாம். முந்நூறு வயசுக்காரனுக்குப் பதினேழு வயசுப் புள்ள கேக்குதா என்று சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயல் தூங்குவதை அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறான். அந்த இடத்தில் மகள் சிறிதாக ஓர் இதயம் வரைந்திருந்தாள்.  எவனாவது ஒருவன் நம்ம லைன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறானோ? இத்தனை நாளாக நின்றிருப்பானோ? அந்தப் பெண் இயல் நூற்றைம்பது பக்கமாக ஒரு வாய் சோறு தின்னவில்லை. கேட்க ஒரு தாயும் இல்லை அவளுக்கு.

பிறகு ஓரிடம் வந்தது. இயலின் உள்ளங்கையில் முள் கிழித்துவிடுகிறது. நீலாயன் மண்டியிட்டு, தன் சட்டையைக் கிழித்து, பேசாமல் கட்டுப்போடுகிறான். 'வலிக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. வலிக்கும் என்று தெரிந்தவனைப் போலத் தொட்டான்' என்று எழுதியிருந்தது. சுகுணா அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய விரல்களெல்லாம் காப்பிச் செடி கீறிய தழும்புகள். அவற்றை யாரும் அப்படித் தொட்டதில்லை. ஜீப்புக்குள் யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை உடனே பயம் தள்ளிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு வயசில் எனக்கே இப்படி இழுக்கிறதே, பதினேழு வயசுக்காரியை இது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்?

கடைசிப் பக்கத்தில் இயல் குகைக்கு வெளியே, பாறை விளிம்பில் நிற்கிறாள். செருப்பைக் கழற்றி வைக்கிறாள். 'அவள் காலடியில் மலை முடிந்தது. அவள் முடியவில்லை. பனிக்குள் ஓர் எட்டு வைத்தாள்.' அதோடு சரி. கீழே 'முதல் பாகம் முற்றும்' என்று போட்டிருந்தது. மலையிலிருந்து விழுந்தவளுக்கு ரெண்டாம் பாகம் ஒரு கேடா என்று சுகுணா வாய்விட்டே சொன்னாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

கோயில் மேட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பூசைச் சாமான் விற்கும் பெண் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் முடங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, யூனிஃபார்ம் போட்ட புள்ள ஒண்ணு வந்துச்சுங்களா?"

"காலைல இருந்து டூரிஸ்ட்டுக நாலஞ்சு பேருதான் வந்தாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைக யாரையும் நான் பாக்கலியே."

அவள் பார்க்காமல் போயிருக்கலாம். இந்தப் பனியில் யானை போனால்கூடத் தெரியாது. சுகுணா குகைக்குள் குனிந்து போனாள். விளக்கு வெளிச்சத்தில் சாமி மட்டும் இருந்தது. வெளியே வந்து புல்வெளியைச் சுற்றி, சரிவு தொடங்கும் இடத்துக்குப் போனாள். அங்கே ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நீலப் பட்டை வைத்த ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. கீர்த்திகாவின் செருப்பும் நீலப் பட்டைதான்.

 சுகுணா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செருப்பைத் தொடவும் முடியவில்லை, அதிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. "கீர்த்தி" என்று பனியைப் பார்த்துக் கூப்பிட்டாள். 

பனிக்குள்ளிருந்து சுடிதார் போட்ட ஒரு பெண் வெறுங்காலோடு வந்தாள். கையில் செல்போன். புல்லில் நடந்து படம் எடுத்திருப்பாள் போல. "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி, சுகுணாவின் முன்னால் இருந்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விஜயகுமார்தான் அவளைத் தூக்கி நிறுத்தினான். "என்னங்க்கா ஆச்சு? இப்பவாவது சொல்லுங்க." அவள் நோட்டை நீட்டினாள். மழைத்துளி படாமல் சட்டைக்குள் பிடித்துக்கொண்டு அவன் படித்தான். முகம் மாறியது. ஆனாலும், "இங்க நின்னா ஆவாது. சிக்னல் இல்ல. டவுனுக்குப் போயி, தேவைப்பட்டா ஸ்டேஷன்ல சொல்லுவோம்" என்றான்.

டவுனில் ஒண்டிக்கடை பக்கம் வந்ததும் போன் அடுத்தடுத்துக் கத்தியது. ஐஸ்வர்யாவிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். சுகுணா கூப்பிட்டதுமே அந்தப் பெண் அழுதாள்.

"சத்தியம் வாங்கிட்டா ஆன்ட்டி, அதான் சொல்லல. சேலத்துல புத்தகக் கண்காட்சி நடக்குதுங்க. ரெண்டாம் பாகம் இன்னிக்குத்தான் வெளியாகுது. எட்டரை பஸ்ஸுல போனா. ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன்னு சொன்னா. இன்னும் வரலீங்களா?"

மணி நாலே முக்கால்.

மலையிலிருந்து விழவில்லை. புத்தகம் வாங்கப் போயிருக்கிறாள். சுகுணாவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு முழுதாக உள்ளே போவதற்குள், டீக்கடையில் நின்ற ஒருவர் ஜீப்பைப் பார்த்துக் கை காட்டினார்.

"கீழ போவாத தம்பி. ரோடு அடைச்சுக் கெடக்குது. சேலம் பஸ்ஸு மேல மரம் உழுந்துருச்சாம்."

"ஆளுங்களுக்கு ஏதாச்சும்…?" என்றான் விஜயகுமார்.

"தெரியலப்பா. ஆம்புலன்ஸு போச்சுன்னு சொல்றாங்க."

 ஜீப் கிளம்பியதும் சுகுணா முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இதுவரை இருந்த பயத்தில் மகள்மேல் கோபப்பட ஓர் இடம் இருந்தது. இந்தப் பயத்தில் அதுவும் இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு விஜயகுமார் மெதுவாக இறக்கினான். வேகமாகப் போ என்று சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம்.

நான்கு வளைவு இறங்கியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. சுகுணா குதித்து இறங்கி நடந்தாள். கார்கள், ஒரு காய்கறி வேன், விளக்கு எரிய நிற்கும் ஆம்புலன்ஸ். அதன் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே காலி. காலி என்றால் இன்னும் ஏற்றவில்லையா, ஏற்ற ஆளே இல்லையா? யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஓடினாள்.

அடுத்த திருப்பத்தில் ஒரு பெரிய சில்வர் ஓக் மரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் பஸ், முன்கண்ணாடி நொறுங்கி நின்றது. டிரைவர் ரோட்டோரம் உட்கார்ந்திருக்க, ஒருவர் அவர் நெற்றியில் பஞ்சு வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். பயணிகள் ஒவ்வொருவராகக் கிளைகளுக்கு நடுவே புகுந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். கூடை வைத்த பெண்கள், ஒரு குழந்தை, குடை பிடித்த ஒரு பெரியவர். அவர்களுக்குப் பின்னால், யூனிஃபார்ம் முழங்கால் வரை சேறாக, வயிற்றோடு எதையோ அணைத்தபடி கீர்த்திகா வந்தாள்.

அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

சுகுணா அடிக்கவில்லை. மகளின் தலை, முகம், கை, கால் என்று தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. பிறகு பாலித்தீன் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "இதென்னடி? இதென்னன்னு சொல்லு மொதல்ல."

கீர்த்திகா பார்த்தாள். அவளுக்கு உடனே புரியவில்லை. அம்மாவின் சேலையில் ஒட்டியிருந்த புல்லையும், கையிலிருந்த கறுப்பு அட்டையையும் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"அம்மா… நீ என்ன நெனச்சே?"

"நான் என்ன நெனச்சனா? தட்டைக் கவுத்து வை, பாயைச் சுருட்டி வைன்னா ஒரு பெத்தவ என்னடி நெனைப்பா? கோயில் மேடெல்லாம் தேடிட்டு வர்றேன்."

"அது ஹாஸ்டலும்மா!" கீர்த்திகாவின் குரல் உடைந்தது. "ஜூன்ல சேலம் காலேஜுல சேத்து ஹாஸ்டல்ல விடறேன்னு அப்பா சொல்லிட்டே இருக்குது. மலையை விட்டு எறங்கி அங்க தனியா இருக்கணும்னு நெனச்சா எனக்கு நொம்பப் பயமா இருக்குதும்மா. யாருகிட்டயும் சொல்ல முடியல. அதான் எழுதுனேன். இன்னிக்கு நான் தனியாப் போனதுகூட, என்னால முடியுதான்னு பாக்கத்தான். மரம் உழுந்தப்ப உன்னைத்தான் கூப்புட்டுக் கத்துனேன்."

சுகுணா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் புதுப் புத்தகம் முட்டியது. ரோட்டில் ரம்பம் ஓடத் தொடங்கியது. ஆட்கள் ஒதுங்கச் சொல்லிக் கத்தினார்கள். இருவரும் ஓரமாக நகர்ந்து நின்றார்கள்.

"எனக்கும் பயந்தான் கண்ணு" என்றாள் சுகுணா. "நீ போயிட்டா அந்த ஊட்டுல நான் என்ன பண்ணுவேன்னு பயம். சொல்லிக்கல, அவ்வளவுதான்."

 திரும்பும்போது ஹீட்டர் இல்லாத ஜீப்பில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் சுகுணா சொன்னாள்: "உங்கப்பா கேட்டா நடந்ததைச் சொல்லித்தான் ஆவணும். திட்டுவாரு. நான் பக்கத்துல இருக்கறேன்." பிறகு, "இனிமே இந்த மாதிரி எழுதுனா, அடியில இது ஹாஸ்டலைப் பத்துனதுன்னு ஒரு வரி எழுதி வை சாமி" என்றாள்.

"கவிதைக்கு அடியில அப்படியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

"நீ எழுது."

கீர்த்திகா சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளில் சாய்ந்தாள். இரண்டு வளைவு போவதற்குள் தூங்கியும்விட்டாள். சுகுணாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. குளிரென்று எண்ணி விஜயகுமார் தன் துண்டைப் பின்னால் நீட்டினான். அவள் வாங்கி மகளுக்குப் போர்த்திவிட்டு, அவள் மூச்சு விடுவதையே வீடு வருகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.