இரண்டு பேர் தூங்க வேண்டியிருந்தது

என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். ஒரே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார்கள், ஒரே வியாதியை வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வயதானார்கள். மாமனார் போன பிறகு வீட்டைப் பிரித்தபோது பெரிய அறைக்கு நடுவே ஒற்றைச் செங்கல்லில் ஒரு சுவர் எழும்பியது. மூத்தவருக்குத் தெருவாசல், எங்களுக்கு ஜன்னல். வாசல் கிடைத்தவர் வெளிச்சம் போச்சு என்றார். ஜன்னல் கிடைத்தவர், பக்கவாட்டுச் சந்து வழியாகத் திருடனைப் போல வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறதே என்றார். பின்பக்கத்துக் குழாயும் துணிக்கொடியும் மட்டும் பொது.

பேச்சு நின்றுபோனது என்று சொல்ல முடியாது. சாடைப் பேச்சு இருந்தது. மூத்தவரின் மனைவி, என் ஓரகத்தி, வாளியைப் பார்த்துப் பேசுவாள். "ஏன் வாளி, தண்ணி பிடிச்சா நகரணும், கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கக் கூடாதுன்னு உனக்குச் சொல்லித் தரலையா?" நான் துடைப்பத்திடம் பதில் சொல்வேன். "துடைப்பமே, நீ கண்டுக்காதே. குழாயைச் சீதனமாக் கொண்டுவந்தவங்க பேசத்தான் செய்வாங்க." அந்த வாளியும் அந்தத் துடைப்பமும் எங்களைவிட நன்றாகச் சண்டை போட்டன.

என் கணவர் தேய்ப்பு மெஷினில் நின்றார். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. ஒரு மழைக்காலத்தில் செருப்பு கடித்த புண் ஒன்று கால் பெருவிரலில் வந்து தங்கிவிட்டது. சர்க்கரை மாத்திரையைக் கூட்டினார்கள், ஊசிக்கு மாற்றினார்கள், அவரும் சாப்பாட்டைப் பாதியாக்கினார். ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் சர்க்கரை எகிறி நின்றது. டாக்டரம்மா சண்டைக்காரி. காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"எப்பத் தூங்குவீங்க?"

"கிடைக்கிறப்ப."

"தூக்கம் என்ன பஸ்ஸா, வர்றப்ப ஏறிக்க? உடம்புக்கும் ஒரு நேரம் காலம் இருக்கு. அதை வாரா வாரம் மாத்தினா, அரைகுறையாத் தூங்கினா, ஏதோ ஆபத்துன்னு நினைச்சு உள்ளே இருக்கிற சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும். போட்ட மருந்தும் சரியாக் கேக்காது. நீங்க பட்டினி கிடந்து என்ன பண்ண?"

சலவைக்கூட மேனேஜரிடம் அவளே பேசி, நிரந்தரப் பகல் வேலை வாங்கிக் கொடுத்தாள். தினமும் ஒரே நேரத்தில் படுக்கணும், ஒரே நேரத்தில் எழுந்திருக்கணும், லீவு நாளிலும்தான். மத்தியானத்துக்குப் பிறகு டீ கிடையாது. படுக்கைக்குப் போன் வரக் கூடாது. சர்க்கரை இறங்கவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும். "விரலோட நிக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டினார். சுவரைப் பற்றி நாங்கள் அவளிடம் சொல்லவில்லை.

மூத்தவர் சலவைக்கூடத்தின் பாய்லர்காரர். நீராவி இரைச்சலில் காதைத் தொலைத்துவிட்டு ஓய்வு பெற்று உட்கார்ந்திருந்தார். அவருடைய டிவி அந்த ஒற்றைச் செங்கல் சுவரில்தான் மாட்டியிருந்தது. எங்கள் கட்டிலின் தலைமாடு அதே சுவரின் இந்தப் பக்கம். விடிய விடிய செய்தி, சினிமா, மருந்து விளம்பரம் எல்லாம் என் கணவரின் தலைக்குள் ஓடின. அவர் டம்ளரால் சுவரைத் தட்டுவார். தட்டினது எப்படித்தான் கேட்குமோ, மூத்தவர் சத்தத்தை இன்னும் கூட்டுவார். தூக்கம் போன எரிச்சலில் இவர் எழுந்து பிஸ்கட் டப்பாவைத் தேடுவார்.

நான் துணிக்கொடியில் ஆரம்பித்தேன். "தலையணை உறையே, உனக்குத்தான் காது இல்லை. அடுத்தவங்களுக்கு இருக்குன்னாவது தெரிய வேண்டாமா?"

வாளியிடமிருந்து பதில் வந்தது. "பாய்லர்ல நின்னு தம்பியைப் படிக்க வச்சதுல போன காது அது. படிச்ச தம்பி என்ன கலெக்டரா ஆயிட்டான்? ஆஸ்பத்திரித் துணியைத் தேய்க்கிறான்."

கட்டிலை அடுப்படிக்கு மாற்றிவிடலாம் என்று இவரிடம் சொல்லிப் பார்த்தேன். சிறிய இடம்தான், ஆனால் சத்தம் அவ்வளவு வராது.

"அவனுக்குப் பயந்து அடுப்படியில போய் ஒளியச் சொல்றியா?"

"விரல் போயிடும்ங்க."

"போகட்டும். மானம் இருக்கும்."

"மானத்துக்குச் செருப்பு மாட்ட முடியுமா?" என்றேன்.

விரலின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. மறுநாள் காலையில் குழாயடிக்குப் போய், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து "அக்கா" என்றேன்.

அவளுடைய வாளி நிரம்பி வழிந்தது. "யாருக்கு யாரு அக்கா?"

"அவர் விரலை எடுக்கப் போறாங்க. ராத்திரியில டிவியை நிறுத்துங்க."

"நிறுத்தினா இவர் முழிச்சுக்குவார். ஆயுசு பூரா பாய்லர் பக்கத்துல கிடந்த மனுஷன். சத்தம் நின்னா எதுவோ வெடிக்கப் போகுதுன்னு பதறி எழுந்துடுவார். அப்புறம் விடியற வரைக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவார். உன் புருஷனுக்கு மட்டும்தான் சர்க்கரையா? எங்களுக்கும் அதே டாக்டரம்மாதான். அதே திட்டுதான்."

எனக்கு அது தெரியாது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் சத்தம் இருந்தால் ஒருவருக்குச் சர்க்கரை ஏறியது, அந்தப் பக்கம் சத்தம் நின்றால் இன்னொருவருக்கு ஏறியது.

"எதிர்ச் சுவத்துக்காவது மாத்தலாமே. நான் இவரை அடுப்படியில படுக்க வைக்கிறேன்."

"உன் வீட்டுக்காரன் முதல்ல போவானா?"

"மாட்டார். உங்க வீட்டுக்காரர் முதல்ல மாத்துவாரா?"

"செத்தாலும் மாட்டார்." வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். என் மேல் இருந்த வெறுப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. "உன் புருஷன் வந்து கெஞ்சினான்னு இவர்கிட்ட சொல்றேன். இவர் கெஞ்சினார்னு நீ உன் வீட்டுல சொல்லு."

"நம்புவாங்களா?"

"தோத்தேன்னு சொன்னாத்தான் நம்ப மாட்டாங்க. ஜெயிச்சேன்னு சொன்னா சாட்சி கேக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, இதுக்காக என்கிட்ட இளிச்சிட்டு நிக்காதே."

"எனக்கும் ஆசையில்ல" என்றேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். அண்ணனுக்கும் சர்க்கரையாம், டிவி இல்லாவிட்டால் தூக்கம் வராதாம், தம்பிதான் பெரிய மனசு பண்ணி அடுப்படிப் பக்கம் போகணுமாம், டிவியை அவர் எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொள்வாராம்.

"கெஞ்சினானா? என்னன்னு கெஞ்சினான்?"

"'அவன் மனசு வச்சா நான் பிழைப்பேன்'னு சொன்னாராம்."

அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, பிச்சை போடுகிற மாதிரி ஆள் வைத்துக் கட்டிலை அடுப்படிக்கு மாற்றினார். மறுநாள் அந்தப் பக்கம் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது.

தூங்கினார். முதலில் விட்டுவிட்டு, பிறகு ஒரே இழுப்பாக. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தால் கூரையில் பூனை புரண்டாலும் அசைய மாட்டார். நடுச்சாமப் பிஸ்கட் தானாக நின்றது. காலைச் சர்க்கரை எகிறிக் குதிப்பதை விட்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக இறங்கி, ஒரு இடத்தில் நின்றது. விரலில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. டாக்டரம்மா திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டு, நகத்தை ஒழுங்காக வெட்டவில்லை என்றாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பின்பக்கம் வந்துவிட்டார்கள். மதில் மேல் ஒரு காகம் இருந்தது. மூத்தவர் அதைப் பார்த்துச் சொன்னார். "என்ன காக்கா, கெஞ்சி வாங்கின தூக்கம் எப்படி இருக்காம்?"

இவரும் காகத்திடமே சொன்னார். "கெஞ்சினவன் யாருன்னு காக்காவுக்குத் தெரியும்."

காது கேட்காதவருக்கு இது மட்டும் கேட்டுவிட்டது. காகத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். "நீதானேடா அழுதே?"

"நானா? நீதான், நான் மனசு வச்சாப் பிழைப்பேன்னு ஆள் விட்டே."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு மெதுவாக, குழாயடியில் நின்ற எங்கள் இருவர் பக்கம் திரும்பினார்கள்.

"தண்ணி நிக்கப் போகுது, நான் பிடிச்சுக்கிறேன்" என்று ஓரகத்தி குழாயைத் திறந்தாள்.

இவர் விருட்டென்று நடந்தார். உள்ளே போய் அந்த இரும்புக் கட்டிலைத் தனியாக இழுத்தார். நான் பிடித்த பக்கத்தை உதறிவிட்டு இழுத்தார். வெறுங்கால். அறையில் பழைய இடத்தில் போட்டு, தலைமாட்டைச் சுவரோடு இடித்து நிறுத்திவிட்டு ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்தார். அடுப்படி நிலையிலிருந்து கட்டில் வரைக்கும் தரையில் சிவப்பாக ஒரு கோடு வந்திருந்தது.

"ரத்தம்" என்றேன்.

"எங்கே?" என்று கேட்டார். கட்டிலின் கால் அந்த மரத்துப்போன விரல் மேல் ஏறி இறங்கியது அவருக்குத் தெரியவே இல்லை.

விரலை எடுத்தார்கள். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சர்க்கரை இப்படிக் கட்டுக்குள்ள இருந்ததாலதான் விரலோட நின்னுது. போன மழைக்காலத்துச் சர்க்கரையா இருந்தா பாதத்தையே எடுத்திருப்பேன். இந்த மனுஷனை யார் தூங்க வச்சது?"

"என் பொண்டாட்டிதான்" என்றார் அவர் கூரையைப் பார்த்தபடி. "பொய் சொல்லி."

"இன்னும் ரெண்டு பொய் சொல்லச் சொல்லுங்க."

நான் சொன்ன பொய்க்காக அன்றைக்கும் வருந்தவில்லை, இன்றைக்கும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அடுப்படியிலேயே படுத்துக்கிறேன். ஆனா நீ அவகூடப் பேசக் கூடாது." சரி என்றேன். பகல் வேலைக்குப் போய் வந்து, விளக்கணைக்கிற நேரம் தவறாமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நன்றாகத் தூங்கினார். பாதம் கடைசி வரைக்கும் நின்றது. அவர் போனது நெஞ்சில் வந்த வலியால்.

போய் நான்காம் நாள் மத்தியானம் ஓரகத்தி பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். வீட்டைப் பிரித்த பிறகு எங்கள் பக்கம் அவள் கால் வைத்தது அப்போதுதான். உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை.

"பேச மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றேன்.

"நீ பேச வேண்டாம், கேளு. இவர் அன்னைக்கிலிருந்து கண்ணை மூடலை. டிவி பாட்டுக்கு ஓடுது, பார்த்துட்டே உட்கார்ந்திருக்கார். சர்க்கரை தாறுமாறா ஏறிக் கிடக்கு. கடைசியில தம்பி என்னைப் பத்தி ஏதாவது சொன்னானான்னு ஒரே கேள்வி. ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல."

"சொன்னதாச் சொல்லேன். அண்ணனை நல்லாப் பார்த்துக்கோன்னு, அந்த மாதிரி."

"அதை அவர் நம்ப மாட்டார்."

அவளுக்கும் அது தெரிந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்படிக் கட்டிலில் விரிப்பை இன்னும் நான் எடுக்கவில்லை. அதை அவள் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"திட்டினார்னு சொல்லுங்க" என்றேன். "அதை நம்புவார். தூங்கிடுவார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னன்னு திட்டினான்?"

யோசித்து, என் கணவரின் குரலிலேயே சொன்னேன். மூத்தவரின் காதில் ஆரம்பித்து, பிரித்த வீட்டுக்குப் போய், படிக்க வைத்த கணக்கில் முடித்தேன். கெட்ட வார்த்தையும் இரண்டு இருந்தது. அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு இடத்தில் தடுமாறி, அந்த வரியை மறுபடி கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் போனாள்.