புகைக்கு வெட்கப்பட்டவர்

சுவீடன் நாட்டில் பிறந்து, கடல் கடந்து, கை பல மாறி, கடைசியில் ஒரு கொட்டகையின் மூலையில் சாக்குகளுக்கு அடியில் சமாதியாகியிருந்தது அந்தக் கார். கொட்டகையை ஏலத்தில் எடுத்தவர் ‘மைக்’. நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஒலிபெருக்கியே இல்லாமல் நாலு தெருவுக்குக் கேட்கும்படி பேசுவது அவர் இயல்பு. நாற்காலிகளை அடுக்கத்தான் அந்த இடத்தை வாங்கினார். காரைக் கண்டதும் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடக் கிளம்பினார். கூப்பிட விடாமல் வாசலை மறித்தவள் அவருடைய தங்கை.

தங்கையைத் தெரு ‘ஸ்பேனர்’ என்று அழைத்தது. பத்து ஆண்டுகள் ஒரு ஸ்கூட்டர் பட்டறையில் உழைத்தவள். அவள் உயிர் கொடுத்த வண்டிகளைப் பட்டறை முதலாளி தம் கைவண்ணம் என்று சொல்லி வாடிக்கையாளரிடம் நீட்டுவார். பாராட்டு அவருக்கு, கையில் அப்பிய கரி இவளுக்கு. பத்து ஆண்டு பொறுத்தாள். பதினோராம் ஆண்டு சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: தனக்கென்று ஒரு பட்டறை.

“அண்ணே, மூடியத் தூக்கிப் பாரு. இது டூ ஸ்ட்ரோக். மூணு ஸ்கூட்டரை ஒண்ணாச் சேர்த்துக் கட்டின மாதிரி என்ஜின். இந்த நாட்டுலயே இப்படி ரெண்டு மூணு இருந்தா பெரிசு.”

“இருக்கட்டும். எனக்கு நாற்காலி வைக்க எடம் வேணும்.”

“ஒரு வருஷம் குடு. ஓடற வண்டியா வித்துக் காட்டறேன். வித்துட்டா கொட்டகை எனக்கு. பட்டறை போட்டுக்கறேன்.”

“விக்கலேன்னா?”

“உன் நாற்காலிய நானே அடுக்கறேன்.”

“கேட்டுக்க” என்று மைக் மனைவியைப் பார்த்தார். “நீதான் சாட்சி.”

“சாட்சி மட்டும் இல்ல” என்றாள் அண்ணி, “கார் சீட்டு தைக்கறதும் நான்தான்.”

நாத்தனாரும் அண்ணியும் ஒரே பக்கம் நின்றால் தெருவுக்கே சந்தேகம் வரும். வந்தது. இரண்டு பெண்கள் கொட்டகைக்குள் போகிறார்கள், கறுப்பாகத் திரும்பி வருகிறார்கள், சிரிக்கிறார்கள். என்னதான் நடக்கிறது உள்ளே?

உழைப்பு நடந்தது! மூன்று பிஸ்டன்களும் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தன. மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒன்பது நாள் ஊறவிட்டு, பத்தாம் நாள் மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி அசைத்தாள் ஸ்பேனர். கால் வைக்கும் தகடு சல்லடையாகியிருந்தது; வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தாள். பிஸ்டன் வளையங்களைக் கேட்டுச் சுவீடனுக்குக் கடிதம் போட்டாள். ஏழு வாரம் கழித்து ஒரு சின்னப் பெட்டி வந்தது, அதைக் கைக்குழந்தையை வாங்குவது போல் வாங்கினாள். அண்ணியோ பழைய இருக்கை உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே மாதிரியாக விரித்து, புதுத்துணி வெட்டினாள். துரு பிடிக்கும்போது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை; துருவைச் சுரண்டும் கையை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? ஆனால் பார்த்தார்கள். வெளியார் பார்த்தால் விட்டுவிடலாம், வீட்டு ஆளான மைக்கே பார்த்தார்.

பதினோராம் மாதம் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அண்ணி அதை உரக்கப் படித்தாள்.

“‘அபூர்வமான சுவீடன் கார். என் சொந்தக் கையால் புதுப்பித்தது.’ எந்தக் கைங்க அது? வலதா, இடதா?”

மைக் தொண்டையைச் செருமினார். “இதப் பாரும்மா, பொம்பளைங்க செஞ்சதுன்னு போட்டா பாதி விலைக்குக் கேப்பான். விக்கணும்னுதானே போட்டேன்? அவ நல்லதுக்குத்தான்.”

ஸ்பேனர் கந்தலை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த விளக்கை மறுபடி துடைத்தாள். பழைய முதலாளியும் இப்படித்தான் ‘உன் நல்லதுக்கு’ என்பார்.

வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் வண்டியின் வடிவத்தைப் பார்த்து மயங்கினார்கள். சாய்ந்து விழும் நீர்த்துளி போன்ற உடல், பச்சையும் சாம்பலும் கலந்த வண்ணம். மூவரும் என்ஜின் கிளம்பியதும் மயக்கம் தெளிந்தார்கள். பின்னால் நீலப்புகை எழுந்தது! பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து எரிக்கும் வண்டி அது. புகைதான் அதன் மூச்சு. மைக்குக்கு அதை விளக்கத் தெரியவில்லை, விளக்கத் தெரிந்தவளை அவர் முன்னே விடவில்லை. மூன்றாவதாக வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது காரா, கொசு மருந்து அடிக்கிற வண்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பு மைக்கின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கெடு முடிய மூன்று நாள் இருக்கையில் நாலாவது ஆள் வருவதாகத் தகவல் வந்தது: ஒரு பல் டாக்டரம்மா, பழைய வண்டிகளைச் சேர்ப்பவர். அவர் வரும் நாள் காலையில் ஸ்பேனர் குளிக்கப் போன நேரம். மைக் தனியாகக் கொட்டகைக்குள் நுழைந்தார். தங்கைக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எண்ணெய் கலந்தால்தானே புகை? டேங்கில் இருந்ததை எல்லாம் ஒரு டப்பாவில் வடித்தார். அடுத்த தெரு பங்க்கிலிருந்து கண்ணாடி மாதிரி சுத்தமான பெட்ரோல் வாங்கி ஊற்றினார். நின்ற இடத்திலேயே என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். புகை தேய்ந்தது, மறைந்தது. மைக் மீசையைத் தடவிக்கொண்டார்.

டாக்டரம்மா பத்து மணிக்கு வந்தார். குள்ளமான உருவம், கூர்மையான பார்வை. வண்டியை ஒரு சுற்று சுற்றி, “வாயத் திறங்க” என்றார். மைக் திடுக்கிட்டுத் தம் வாயைத் திறந்தார். “உங்க வாய இல்ல. வண்டியோடத.”

மைக் மூடியைத் திறந்து பேசத் தொடங்கினார். “எல்லாம் நான் பாத்துப் பாத்து…”

ஸ்பேனர் சுவரோரம் நின்றாள். ‘நீ பின்னாடி நில்லு, நான் பேசிக்கறேன்’ என்பது அண்ணனின் கட்டளை. டாக்டரம்மா பக்கத்து இருக்கையில் ஏறினார்; மைக் சாவியைத் திருப்பினார். மூன்று சிலிண்டரும் கலகலவென்று பேசின. வண்டி வாசலை நோக்கி நகர்ந்தது.

ஸ்பேனரின் கண் புகைக் குழாய்க்குப் போனது. புகை இல்லை. குளிர்ந்து கிடந்த என்ஜின் கிளம்பும்போது பொங்கி வர வேண்டிய நீலம் ஒரு நூலளவும் இல்லை. மூலையில் வடித்த டப்பா; பக்கத்தில் பங்க்கின் காலி கேன். ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

இப்போது கத்தினால் அண்ணன் பொய்யன் என்று வந்தவர் முன்னால் வெளிப்படும், வந்தவர் போய்விடுவார், கொட்டகை நாற்காலிக்கு. கத்தாவிட்டால்? எண்ணெய் இல்லாத பிஸ்டன் இரண்டு தெருவைத் தாண்டாது. சிலிண்டரைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். பதினொரு மாத உழைப்பின் பலனைக் காக்க அந்த உழைப்பையே கொல்வதா?

ஓடினாள். வாசலில், வண்டியின் முகத்துக்கு நேராக, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“நிறுத்து அண்ணே! சாவிய எடு! இப்பவே!”

என்ஜின் அடங்கியது. மைக் தலையை வெளியே நீட்டினார். “என்னம்மா இது, பெரியவங்க பேசிட்டிருக்கும்போது…”

“டேங்க்ல எண்ணெய் இல்ல. வெறும் பெட்ரோல். இன்னும் கொஞ்சம் போயிருந்தா பிஸ்டன் சிக்கியிருக்கும்.” டாக்டரம்மாவைப் பார்த்தாள். “இத வாங்காதீங்கம்மா. என்ஜினுக்கு என்ன ஆச்சுன்னு பாக்காம விக்க மாட்டேன்.”

“புகை இல்லையேன்னு நானும் யோசிச்சேன்” என்றார் டாக்டரம்மா நிதானமாக. “நீ யாரும்மா?”

“இந்த என்ஜினப் பூட்டினவ.”

டாக்டரம்மா மைக்கைத் திரும்பிப் பார்த்தார். “நீங்கதானே சொந்தக் கையால…?”

நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் நாலு அடிக்குக் கேட்கவில்லை. அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “சொல்லுங்களேன். ஊருக்கெல்லாம் பேசறீங்க, இதுக்கு மட்டும் தொண்டை கட்டிக்கிச்சா?”

மைக் இறங்கினார். வேட்டி நுனியைப் பிசைந்தார். “என் தங்கச்சி செஞ்சதும்மா. சீட்டு இவ தைச்சது. நான்… நான் பெட்ரோல் மட்டும் ஊத்தினேன்.”

“அதையும் தப்பா ஊத்தினீங்க” என்றார் டாக்டரம்மா. “சரி, உள்ள காயம் இருக்கா பாப்போம்.”

அரைமணி நேரம் ஆறவிட்டு, ஸ்பேனர் புகைக் குழாயின் இணைப்பைக் கழற்றினாள். அந்தத் துளை வழியாக எட்டினால் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கலாம். டாக்டரம்மா கைப்பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் எடுத்தார். இருவர் தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்தன.

“முதலாவது சுத்தம்.”

“ரெண்டாவதும்.”

மூன்றாவதற்கு நேரம் எடுத்தது. அண்ணி மூச்சை அடக்கினாள். மைக் மூச்சையே மறந்தார்.

“சின்னக் கீறல்கூட இல்ல” என்றார் டாக்டரம்மா. “நல்ல நேரத்துல குறுக்க வந்தே. இந்த வளையம் எப்படிப் போட்டே? இடைவெளி அளந்தியா?”

“ஒவ்வொண்ணும் மூணு தடவை.”

அதன்பின் டாக்டரம்மா மைக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேள்விகள் ஸ்பேனருக்கு, பதில்கள் ஸ்பேனருடையவை. மைக்குக்கும் வேலை கிடைத்தது: வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஊற்றியதை எல்லாம் வடிப்பது. பெட்ரோல் முழங்கை வழியாக அக்குளுக்குள் இறங்கியது. “கூசுதா?” என்று அண்ணி அக்கறையாகக் கேட்டாள்.

இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அளந்து கலந்து ஊற்றினாள் ஸ்பேனர். இம்முறை அவளே ஓட்டினாள். நீலப்புகை தெருவை நிறைக்க, டாக்டரம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். திரும்பி வந்ததும் இறங்காமலே கேட்டார்:

“எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இதுக்கு ஒரு வலின்னு வந்தா யாருகிட்டக் காட்டறது? இந்த எடத்துல அடுத்து என்ன வரப்போகுது?”

ஸ்பேனர் அண்ணனைப் பார்த்தாள். அண்ணி அவரைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் பார்த்தார்.

“பட்டறைதான்” என்றார் மைக். “வண்டி வித்தாலும் விக்காட்டியும் பட்டறைதான்.”

“அப்படின்னா வித்தாச்சு” என்றார் டாக்டரம்மா.

விற்பனைப் பத்திரத்தில் ‘புதுப்பித்தவர்’ என்ற இடத்தில் ஸ்பேனருடையதும் அண்ணியுடையதுமாக இரண்டு கையெழுத்து விழுந்தது. வண்டி திருப்பத்தில் மறைந்ததும் தெரு கூடியது, விளக்கம் கேட்டது. மைக் ஒரு பெட்டி மேல் ஏறிவிட்டார். தொண்டை திறந்துகொண்டது. “கேளுங்க! என் தங்கச்சி பூட்டின என்ஜின் அது! என் வீட்டுக்காரி தைச்ச சீட்டு! எண்ணெய் கலக்காம ஊத்தின மடையன் யாருன்னு கேட்டீங்கன்னா…”

ரொட்டிக் கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கிளம்ப மறுத்த தம் ஸ்கூட்டரைத் தள்ளி வந்தார். “மைக்கண்ணே, இத யாருகிட்டக் காட்டணும்?”

மைக் கொட்டகைக்குள் கை காட்டினார். அங்கே ஸ்பேனர் ஏற்கெனவே பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, பேசினது போதும். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர எடுத்துட்டு வா.”

மைக் குதித்து இறங்கி, ஓடிப்போய், மிகுந்த பெருமையோடு எடுத்து நீட்டினார். பதினாலாம் நம்பர்.