ஓடைக்கு இந்தக் கரையில்

அன்று அந்தப் பாறைமேல் நின்றவர்கள் நான்கு பேர். பதுளைக் கடைவீதியில் புடவைக் கடை வைத்திருக்கும் தாஸிம் ஹாஜியார், வயது எழுபத்திரண்டு. அவர் மனைவி ஸுபைரா. மகன் முன்ஸிப். பாதை காட்ட வந்த யசோதினி; தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில் குடியிருந்துகொண்டு லுணுகலையில் ஒரு தையல் கடையில் வேலை செய்பவள். தொலைபேசியின் மறுமுனையில் ஹாஜியாரின் தம்பி லத்தீபும், காவின் என்னும் திருமணப் பதிவை எழுத வந்த பதிவாளரும் இருந்தார்கள். இந்த ஆறு பேரைத் தவிர, பேசப்பட்டதைக் கேட்டவர் எவருமில்லை. கேட்டதாகப் பிறகு சொல்லித் திரிந்தவர்கள் அப்போது பந்தலில் சோற்றுக்குக் காத்திருந்தார்கள்.

ஹாஜியாரோடு பிறந்தவர்கள் இருவர். நடுத் தம்பி காலமாகிவிட்டார். அவருடைய ஒரே பிள்ளை ஷஹீலாவுக்கு லுணுகலையில் அன்று நிகாஹ். தகப்பனும் கூடப்பிறந்தவனும் இல்லாத பெண்ணுக்குத் தகப்பனின் சகோதரர்தான் அவளுக்குப் பொறுப்பான வலிகாரராக உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிகாஹ் செய்து கொடுக்க வேண்டும். மூத்தவர் தாஸிம் ஹாஜியார். இளையவர் லத்தீப், லுணுகலையிலேயே இருக்கிறார். இருவருக்கும் பதினொரு வருடமாகப் பேச்சில்லை.

காரணம் ஊரறிந்தது. தகப்பனார் லுணுகலையில் மௌத்தான அன்று, ஹாஜியார் பதுளையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் லத்தீப் அடக்கம் செய்துவிட்டார். மூத்த மகன் போட வேண்டிய மூன்று பிடி மண்ணை ஹாஜியார் போடவில்லை. கபுறடியில், மூடிய குழியருகே நின்றவாறே, "காத்திருக்கத் தெரியாதவன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பியவர்தான். பிறகு அந்த ஊருக்குப் பெருநாளைக்கும் போகவில்லை.

ஆகவே நிகாஹ் நாள் குறித்தபோது ஹாஜியார் மகனிடம் சொல்லி அனுப்பினார்: "நான் வந்து உட்காராம நிகாஹ் நடக்கக் கூடாது. இதை எல்லாருக்கும் கேக்க சொல்லிட்டு வா." முன்ஸிப்பும் போய், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் அப்படியே சொல்லிவிட்டு வந்தான். மணப்பெண்ணைப் பெற்ற பலீலா தலையாட்டினாள். லத்தீபும் தலையாட்டினார்.

நிகாஹுக்கு முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் பதுளையிலிருந்து ஏறிய பஸ் பசறை தாண்டி ஓரிடத்தில் நின்றுவிட்டது. முன்னால் பாதையே இல்லை. மேலிருந்த தேயிலை மலை, செடியும் வேலியுமாக ரோட்டின் குறுக்கே இறங்கிக் கிடந்தது. சுற்றி வருவதென்றால் மொனராகலை போய் பிபிலையால் ஏற வேண்டும். பகல் முழுக்கப் போய்விடும். மாப்பிள்ளை ஷாஹ்மிக்கோ மறுநாள் விடியற்காலை கட்டாருக்கு விமானம். மாப்பிள்ளை வீட்டார் வந்த பிபிலைப் பாதையிலும் ஓரிடத்தில் மண் உதிர்ந்துகொண்டிருந்தது; நான்கு மணிக்கு மூடப் போவதாகச் செய்தி. நண்பகல் லுஹர் தொழுத கையோடு நிகாஹ், இரண்டு மணிக்குள் புறப்பாடு என்று ஏற்பாடு.

வர முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஹாஜியார் ஊர்வாயை அறிந்தவர். மண்சரிவைச் சாக்காக்கிக்கொண்டு தம்பி வீட்டுப் படியேறாமல் தப்பிக்கொண்டார் என்பார்கள். பெண்ணுக்கு வலிகாரரே வரவில்லையாம் என்று மாப்பிள்ளை வீட்டில் ஆயுளுக்கும் குத்திக் காட்டுவார்கள். அவர் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

தோட்டத்து ஆட்கள் லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள்ளால் இருக்கிறது. அதே பஸ்ஸில் வந்த யசோதினி, "நா அந்தப் பக்கம்தாங்க போறேன், வாங்க" என்றாள்.

"பழைய சாரத்த உடுத்துக்கங்க. அங்க போய் மாத்திக்கொள்ளலாம்" என்றாள் ஸுபைரா.

"வழியில காண்றவன் என்னைப் பழைய சாரத்தோடயா காணணும்?"

"வழியில காணப்போறது கொரங்குதான்."

வெள்ளைச் சாரத்தோடும் வெள்ளைச் சேர்ட்டோடும் பளபளத்த சப்பாத்தோடும் ஹாஜியார் முன்னே நடந்தார். தேயிலை முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் யசோதினி ஒரு துண்டுச் சவுக்காரத்தை எடுத்து நீட்டினாள்.

"கால்ல பூசிக்கங்க, மொதலாளி. அட்டை ஏறாது. அந்தச் சப்பாத்தையும் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டா நல்லது."

"எனக்கு நடக்கத் தெரியும், புள்ள."

"ஒங்களுக்கு நடக்கத் தெரியும்ங்க. அது இந்தப் பாதைக்குத் தெரியாதுல்ல?"

முன்ஸிப் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். ஹாஜியார் சவுக்காரத்தை வாங்கிப் பூசிக்கொண்டார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

முதல் ஒரு மணி நேரம் பைனஸ் மரங்கள். உதிர்ந்த ஊசியிலைகள் ஈரத்தில் ஊறி, மெத்தையில் எண்ணெய் ஊற்றியதுபோல் கால் வழுக்கியது. ஹாஜியார் இரண்டு தரம் விழுந்தார். இரண்டு தரமும் மகன் நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் தானே எழுந்தார். பைனஸ் முடிந்ததும் அடர்ந்த காடு வந்தது. பறவைச் சத்தம் ஒன்றுகூட இல்லை. கிளறிவிட்ட புதுமண் வாசம் எங்கிருந்தோ வந்துகொண்டேயிருந்தது. ஓரிடத்தில் பாதையை அறுத்துக்கொண்டு, கால் நுழையும் அகலத்துக்கு நிலம் பிளந்து கிடந்தது. பிளவுக்குக் கீழே இருந்த மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதுவரை வாய் ஓயாமல் பேசிவந்த யசோதினி பேச்சை நிறுத்தினாள்.

"இது நேத்து இல்லீங்க. ஒவ்வொருத்தரா தாண்டுங்க. நிக்காம போயிடுங்க."

தாண்டினார்கள். ஸுபைராவின் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்: "பதினொரு வருஷமா ரோட்டு நல்லாத்தானே ஈந்திச்சி? பஸ்ஸும் ஓடினது. அப்பெல்லாம் போகல்ல. மலை ஒடஞ்சி வுழுற அண்டைக்குத்தானா தம்பிட வூட்டுக்கு நடக்கணும்?"

 ஹாஜியார் குடைக்காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஓடைக்கரைக்கு வந்தார்கள். இரண்டு மரங்களைச் சேர்த்துப் போட்டிருந்த பாலம் அங்கே இல்லை. கரையில் அதைக் கட்டியிருந்த கம்பி மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. தேயிலைச் சாயம்போலத் தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு ஓடியது.

"மேல பழைய தண்ணித் தாங்கிகிட்ட கடக்கலாங்க" என்றாள் யசோதினி. "ஆனா சுத்து. மூணு நாலு மணி நேரம் கூடப் போவும்."

ஹாஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். மற்றவர்கள் புரிந்துகொள்வதற்குள் தண்ணீரில் ஒரு காலை வைத்துவிட்டார். தண்ணீர் அவரை முழங்காலோடு வாரியது. முன்ஸிப் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தான். ஒற்றைச் சப்பாத்து சுழன்றுகொண்டு போய் மறைந்தது.

"விடு, வாப்பாட கைய!"

"விடமாட்டேன், வாப்பா."

"கலியாண வூட்டுக்கு மையத்தாவா போகப் போறீங்க?" ஸுபைரா கத்தினாள். "சொல்லுங்க, அதுக்கும் லத்தீப் காத்திருக்கணுமா?"

ஹாஜியார் கரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சப்பாத்து இல்லாத காலில் இரண்டு அட்டைகள் தொங்கின. அவர் வராமல் நிகாஹ் நடக்கக் கூடாது என்பது அவரே சொன்ன வார்த்தை. அதை மீற அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. இரண்டு மணி தாண்டினால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிடுவார்கள். ஷஹீலா மருதாணிக் கையோடு அறைக்குள் இருப்பாள். தகப்பனில்லாத பெண்ணின் காரியத்தைப் பெரிய தகப்பனின் வார்த்தை கெடுத்தது என்று ஆகும்.

"போன் எங்க எடுக்கும்?" என்று கேட்டார்.

யசோதினி மேட்டில் தெரிந்த கரும்பாறையைக் காட்டினாள். "அங்க ஏறுனா ரெண்டு கோடு வரும்ங்க. நாங்கெல்லாம் அங்கருந்துதான் பேசுவோம்."

ஏறினார்கள். இந்தத் தடவை மகனின் கையை ஹாஜியார் பிடித்துக்கொண்டார். முன்ஸிப் இலக்கத்தை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தான்.

"நானா?" என்று அண்ணனை அழைத்தது லத்தீபின் குரல். அது அவர்களுடைய தகப்பனாரின் குரல்போல முற்றியிருந்தது. 

"நானா, எங்க ஈக்கிறீங்க?"

"ஓடைக்கு இந்தக் கரையில. பாலம் போய்ட்டு."

"ஒண்ணுக்கும் அவசரப்படாதீங்க. மாப்புளட ஆக்கள் எழும்பப் பாக்குறாங்க, நான் விடல்ல. நீங்க வராம நடக்காதுண்டு சொல்லிட்டேன். ராவானாலும் காத்துக்கிட்டு ஈப்பேன், நானா. இந்த முறை காத்துக்கிட்டு ஈப்பேன்."

ஸுபைரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹாஜியார் போனை வாயருகே கொண்டுபோனார்.

"லத்தீப், வாப்பாட மையத்து அண்டைக்கு எனக்காக எவ்வளவு நேரம் பாத்த?"

 "பின்னேரம் அஸர் வரைக்கும் பாத்தேன். அதுக்குப் பொறகு கபுறுக்குள்ள தண்ணி ஊறத் தொடங்கிட்டு. வாளியால இறைச்சோம். ஏலாமப் போச்சு" என்றார் லத்தீப்.

"அத ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே, நானா."

அது உண்மை. பதினொரு வருடத்தில் அவர் கேட்கவில்லை.

"சரி," என்றார் ஹாஜியார். "எனக்காகக் காத்திருக்க வேணாம். பதிவாளர்ட்ட போனக் குடு."

பதிவாளர் முறைப்படி கேட்டார்: யார் பேசுவது, பெண்ணுக்கு என்ன உறவு, அருகில் சாட்சிக்கு யார். ஹாஜியார் நிமிர்ந்து நின்று, கடையில் துணி விலை சொல்லும் அதே தெளிவான குரலில் சொன்னார்: "என்ட தம்பிட மகள் ஷஹீலாவ ஷாஹ்மிக்கு நிகாஹ் செஞ்சு குடுக்க, என்ட தம்பி லத்தீபுக்கு என்ட வாயால பொறுப்புத் தாறேன்."

"விருப்பத்தோடதானே, ஹாஜியார்? வற்புறுத்தல் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. விருப்பத்தோட."

அப்போது நேரம் ஒன்று இருபத்தைந்து. முன்ஸிப் அதைக் குறித்துக்கொண்டான்.

அவர்கள் மேலே சுற்றிப் போய், தண்ணீர்த் தாங்கியருகே ஓடையைக் கடந்தார்கள். ஹாஜியார் மிச்சச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்தி மஃரிபுக்குச் சற்று முன், காடு முடிந்து லுணுகலைக் கூரைகள் தெரியும் இடத்துக்கு வந்தபோது, பாதை வாயில் லத்தீப் குடையோடு நின்றார். தனியாகத்தான் நின்றார். லத்தீப் நிகாஹ் செய்து கொடுத்து, ஷஹீலா இரண்டு மணிக்கே மாப்பிள்ளையோடு போய்விட்டிருந்தாள். அவள் புறப்படுவதை ஹாஜியார் பார்க்கவில்லை. இனி மாப்பிள்ளை விடுமுறையில் வரும்போதுதான் இருவரையும் சேர்த்துப் பார்க்க முடியும்.

சகோதரர்கள் ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். அதற்குமேல் பாதையில் எதுவும் பேசவில்லை. வீட்டில் ஒரு சஹன் சோறு தொடாமல் மூடியிருந்தது. ஆறு பேர் கூடிச் சாப்பிடும் அந்தத் தட்டில் அன்று அண்ணனும் தம்பியும் முன்ஸிப்பும் மூவராக உட்கார்ந்தார்கள். லத்தீப் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. யசோதினிக்குப் பலீலா வேறு தட்டில் சோறும் வட்டிலப்பமும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள்.

பசறையிலும் பதுளையிலும் இப்போது ஒரு கதை உலாவுகிறது. லத்தீப் இரண்டாம் முறையும் அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை, நிகாஹைத் தானே முடித்துவிட்டார் என்கிறார்கள். அது பொய். லத்தீப் காத்திருந்தார். காத்திருக்க வேண்டாம் என்று சொன்னவர் தாஸிம் ஹாஜியார்.