மூடி சரியாகத்தான் இருக்கிறது

1

இந்தக் கதையை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் அண்ணி கேட்டுக்கொண்டார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு சிக்கல். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவன் என் அண்ணன். அவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அண்ணி வாயை மூடச் சொன்னதே.

2

முதல் தொடக்கம்: ‘காரின் பக்கவாட்டில் உள்ள அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு —’

வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரை வாடை அடிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: ‘அண்ணன் பெட்ரோல் டேங்க் மூடி வடிவமைக்கிறவன்.’

இது பரவாயில்லை, உண்மையும்கூட. யாராவது கேட்டால் “கார் கம்பெனில இன்ஜினியர்” என்று சொல்லி நாங்கள் பேச்சை மாற்றப் பார்ப்போம். அவன் விடமாட்டான். மூடியையும் அதற்குக் கீழே டேங்க் வரை இறங்கும் குழாயையும் பற்றி ஆரம்பித்தால் எதிரே இருப்பவருடைய காபி ஆறிவிடும். பெட்ரோல் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் திரும்பி நம் முகத்தில் துப்பும்; அதற்காகப் பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய். பெட்ரோல் குறையக் குறைய காற்று உள்ளே வர வேண்டும். அதற்கு மூடிக்குள் ஒரு குட்டி வால்வு. மறதிக்காரர்களுக்காக மூடியைக் கட்டிவைக்க ஒரு வார்.*

எல்லாவற்றுக்கும் மேல் அந்த ‘டிக்’. மூடி போதுமான அளவு இறுகியதும் டிக் டிக்கென்று வழுக்கும், அதற்கு மேல் இறுகாது. முரட்டுக் கைகளிடமிருந்து ரப்பர் வளையத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு. டிக் கேட்பதற்கு முன்பே விட்டுவிட்டால் மூடி சரியாக அடைக்காது, ஆவி கசியும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

எவ்வளவு பலத்துக்கு டிக் வர வேண்டும்? அதை அளக்க ஆபீசில் கருவி இருக்கிறது. நாற்பது பேர் திருகியும் பார்க்கிறார்கள். அப்போதும் அண்ணனுக்கு மனசு ஆறாது. வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வெட்டியெடுத்த குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறான். புது மூடி வந்தால் அண்ணியைக் கூப்பிடுவான். “உன் கையில டிக்குன்னா எல்லார் கையிலயும் டிக்கும்.”

(* மூடியைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு அப்படியே ஓட்டிப்போகிறவர்கள். நானும் ஒருத்தி.)

3

அண்ணி பல் டாக்டர். [வேறு தொழில் கொடுக்கலாமா? பாட்டு டீச்சர்? கை தேவைப்படாத தொழில் என்றால் இந்தக் கதையே தேவையில்லை.]

எங்கள் வீட்டில் பெட்ரோல் பங்க் ஆளை மூடியைத் தொட அண்ணன் விடமாட்டான், நாங்களேதான் திருக வேண்டும். மூன்று மாதமாக அண்ணியின் காரில் மஞ்சள் விளக்கு. அண்ணன் மூடியை மாற்றினான், எரிந்தது. குழாயையே மாற்றினான், எரிந்தது. அவன் திருகினால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மேசையில் வந்து திருகிப் பார் என்றால் அண்ணி “கை ஈரமா இருக்கு” என்று நழுவிவிடுகிறார். கடைசியில் அவன் முடிவுக்கு வந்துவிட்டான்: டிசைன் தப்பு, டிக் இன்னும் இளக வேண்டும், குறைந்த பலத்துக்கே வர வேண்டும். தன்னுடைய பதினோரு வருஷ வேலையைத் தப்பென்று தானே அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறான்.

மூடி சரியாகத்தான் இருக்கிறது. போன வாரம் பெட்ரோல் போட்டதும் அண்ணி என்னிடம், “நீ திருகேன்” என்றார். திருகினேன். லேசாக டிக்கென்றது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“வலது கையில பிடி இல்ல. பல் பிடுங்கறதெல்லாம் ஜூனியர்கிட்ட விட்டுட்டேன்.”

“அண்ணன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா என் கையை அளக்க ஆரம்பிச்சிடுவார். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கிராஃப் போடுவார். நான் மூடி இல்லடி.”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அண்ணி அழுதார். நானும் அழுதேன்.

4

இங்கே அண்ணன் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. நூலளவு வித்தியாசத்தைப் பிடிக்கிறவன் இதை எப்படிக் கோட்டைவிட்டான்? வாசகர் நம்ப வேண்டாமா? ‘அவன் கவனித்தும் கவனிக்காதவன் போல —’ இல்லை, அந்த நடிப்பெல்லாம் அவனுக்கு வராது. தன் வேலை தப்பாகியிருக்கும் என்று நம்ப அவனால் முடிகிறது. அண்ணியின் கைக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன்மேல் கோபப்படத்தான் இந்தப் பகுதியை ஆரம்பித்தேன். பாவமாக இருக்கிறது.

5

முடிவு, அ: அறிக்கையை ஆபீசில் ஏற்கிறார்கள். மூடிகள் இளகுகின்றன. அண்ணியின் விளக்கு அணைகிறது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. (அண்ணியின் கை மட்டும் அப்படியே இருக்கும்.)

முடிவு, ஆ: ‘நரம்பு கொஞ்சம் அழுந்தியிருக்கு, சரியாயிடும்’ என்று டாக்டர் —

எழுத எவ்வளவோ ஆசை. ஆனால் எனக்கு அது தெரியாது.

6

இதுவரை எழுதியதை நேற்று அண்ணியிடம் கொடுத்தேன். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“அழுததை எடுத்துடு.”

“மாட்டேன்.”

“சரி, எப்பவும் போல அவர்கிட்ட படிக்கக் குடு. என்னால சொல்ல முடியல.” தாள்களை என்னிடம் நீட்டியபடி, “அவர் படிக்கும்போது நான் பக்கத்துல இருக்க மாட்டேன்” என்றார்.

7

அண்ணா, பிழை திருத்தப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பாய். அதைக் கீழே வை. இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறார். தனியாகவே போய்க்கொள்கிறேன் என்பார். நம்பாதே.