அரைக் குளிசை

கிறிஸ்டினை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தவர் மூதூருக்கு ஆள் ஏற்றிப் போகிற லாஞ்சில் வேலைசெய்கிற ஒரு மனிதர். பிள்ளையை இறக்கிவிட்டு, தன் சாரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி, பிள்ளை தண்ணி குடிக்கேல்ல. தவறி விழவுமில்ல, தானாத்தான் பாய்ஞ்சது. ஜெற்றிக்குக் கீழ கடலில ஒரு பலூன் மிதந்தது. அதைப் பிடிக்கப் போயிருக்குது."

தாய் புஸ்பராணி பிள்ளையின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய நேரம் அது. கொன்வென்ட் மதிலைத் தாண்டி, கடைத்தெருவைக் கடந்து, பஸ்களுக்கு நடுவால் ஓடிப் போயிருக்கிறாள். எட்டு வயது.

"ஏன் மகள் போனனீ?"

கிறிஸ்டின் யோசித்தாள். சாட்டுச் சொல்வதற்காக யோசிக்கவில்லை, உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"தெரியாது அம்மா. போய்ட்டன்."

அவள் பிறந்து நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். சாப்பாட்டுக்கு இருந்தால் இரண்டு வாய்க்குள் எழும்பிவிடுவாள். ஒரு கொப்பியில் ஒரு பக்கம் முழுதாக எழுதியது கிடையாது. சொல்வழி கேளாத பிள்ளை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். கேளாமல் இல்லை. கேட்டது அடுத்த நிமிடம் எங்கேயோ பறந்துவிடும். பக்கத்து வீட்டு ஸல்ஹா பள்ளிவாசலில் தண்ணீர் ஓதுவித்துக் கொண்டுவந்து தந்தாள். புஸ்பராணி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தகப்பன் பேணாட் பூவரசந்தடியும் எடுத்துப் பார்த்துவிட்டார். அடித்த அன்று அவர்தான் சாப்பிடாமல் படுத்தார்.

கடலில் பாய்ந்த சங்கதி கேட்டதும் பேணாட், "இனி இப்பிடி விட ஏலாது. டொக்டரிட்டக் காட்டுவம்" என்றார்.

டொக்டர் கனகசுந்தரம் நகரத்தில் பெயரெடுத்த வயதான மனிதர். பேணாட்டின் குடும்பம் காய்ச்சல் தடிமன் எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போகும். அவர் பிள்ளையைப் பார்த்தார், தாய் சொன்னதையெல்லாம் கேட்டார். அமைதிப்படுத்துகிற பாணி மருந்து ஒன்று எழுதினார்.

அந்தப் பாணி குடித்த கிழமையில் கிறிஸ்டின் இன்னும் மோசமானாள். சுவரில் ஏறினாள், காரணமில்லாமல் அழுதாள், ஸல்ஹாவின் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாள். டொக்டர் தலையைச் சொறிந்தார். "சில பிள்ளைகளுக்கு இது மாறி வேலை செய்யும்" என்று சொல்லி, அதை நிறுத்திவிட்டு வேறு குளிசை தந்தார்.

அது வேலை செய்தது.

கிறிஸ்டின் கதிரையில் இருந்தாள். இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தாள், எழும்பச் சொன்னபோது எழும்பினாள். பள்ளிக்கூடத்திலிருந்து முறைப்பாடு வருவது நின்றது. வகுப்பு ரீச்சர் சீலா ஒருநாள் கோயில் முற்றத்தில் புஸ்பராணியின் கையைப் பிடித்து, "மாதா கண் திறந்திட்டா" என்றாள். கிறிஸ்டின் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மைப் பூசை அடுத்த மாதம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் பூமுடி வைத்து, மற்றப் பிள்ளைகள் நெளிந்துகொண்டு நிற்க, அவள் மட்டும் அசையாமல் நின்றாள். சனம் அவளைக் காட்டிக் கதைத்தது.

புஸ்பராணி அந்த நாட்களில் தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்தாள். தைக்கத் தொடங்கிய சட்டையைத் தைத்து முடித்தாள். மத்தியானத்தில் கண்ணயர்ந்தாள். இத்தனை வருடமாகத் தன் உடம்பு எவ்வளவு களைத்திருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஒரு பின்னேரம் பேணாட் முகம் கழுவிவிட்டு வந்து குசினி வாசலில் நின்றார்.

"புஸ்பம், பிள்ளை இப்ப கிரேனைப் பற்றி என்னட்ட ஒண்டும் கேக்கிறேல்ல."

"கேக்காட்டி என்ன?"

"இல்ல. முந்தி சாப்பாட்டுப் பெட்டியை வைக்க முதல் கழுத்தில தொங்குவாள். இண்டைக்கு நான் வந்ததே அவளுக்குத் தெரியேல்லப் போல."

புஸ்பராணி அகப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் காலமை போய்க் கிரேன்ல ஏறி இருந்திடுவியள். இஞ்ச நாள் முழுக்கப் பின்னால ஓடினது நான். எனக்கு இப்பதான் மூச்சு வருது. அதையும் குழப்பாதேங்கோ."

பேணாட் போய் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் கையைத் தன் கைக்குள் எடுத்தார். அவள் எடுக்க விட்டாள்.

ஆனால் அவர் சொன்னது புஸ்பராணிக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவளும் கவனித்தாள். பிள்ளையின் வாயோரம் எச்சில் நிற்கும், துடைக்க மாட்டாள். பிடித்த இறால் பொரியலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாலும் வெறும் சோற்றைப் போலவே தின்பாள். கவனித்தும் புஸ்பராணி வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் கிறிஸ்டின் வரவில்லை. புஸ்பராணி வகுப்புக்குப் போனாள். வாங்குப் பலகையில் தனியாக இருந்தாள் பிள்ளை. வாங்குக்குக் கீழே நிலம் ஈரமாக இருந்தது. சட்டையும் நனைந்து, காயவும் தொடங்கியிருந்தது.

சீலா ரீச்சர் பின்னால் வந்து நின்றாள். அவளுடைய முகம் செத்துப்போயிருந்தது. "எனக்குத் தெரியாமப் போச்சு. இவ்வளவு அமைதியா இருக்கிறாளே எண்டு நான் பார்க்கவே இல்ல."

"ஏன் மகள் ரீச்சரிட்டச் சொல்லேல்ல?" என்று கேட்டாள் புஸ்பராணி.

"எழும்ப மனம் வரேல்ல அம்மா."

சொல்லும்போது வெட்கமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் புஸ்பராணியை உலுப்பியது. அவள் தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, நேரே டொக்டர் வீட்டுக்கு நடந்தாள்.

"எனக்கு இந்த மருந்து வேண்டாம் டொக்டர். பிள்ளை இல்லாமப் போயிற்றுது."

கனகசுந்தரம் கிறிஸ்டினின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ர கையில இருக்கிற மருந்து இவ்வளவுதான் பிள்ளை," என்றார். "படிப்படியாக் குறைச்சு நிப்பாட்டுவம். கண்டியில ஸைனுலாப்தீன் எண்டு ஒரு டொக்டர் இருக்கிறார். இப்பிடிப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறவர். அவரிட்டக் கொண்டுபோங்கோ. நான் இதை முதலே சொல்லியிருக்க வேணும்."

அடுத்த மாதம் கண்டிப் பஸ் ஏறினார்கள். மருந்து நின்றுவிட்டதால் பழைய கிறிஸ்டின் திரும்பி வந்திருந்தாள். பாதி வழியில் ஹபரணை வருமுன்னரே பஸ்ஸில் இருந்த அத்தனை பேரின் பெயரையும் விசாரித்து முடித்துவிட்டாள்.

டொக்டர் ஸைனுலாப்தீன் மெலிந்த, சின்னக் குரல்காரர். அவருடைய அறைக்குள் போனதும் கிறிஸ்டின் மேசை லாச்சியை இழுத்தாள், நிறை பார்க்கிற தராசில் ஏறிக் குதித்தாள். புஸ்பராணி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"விடுங்க," என்றார் டொக்டர். "அவ இப்படி இருக்கிறதப் பார்க்கத்தானே நான் இருக்கிறேன்."

விடுங்கள் என்று அதுவரை ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. புஸ்பராணியின் கை தானாகத் தளர்ந்தது.

"நான் அடிச்சு வளர்க்கேல்லயாம். அதுதான் இப்பிடியாம். எல்லாரும் சொல்லுகினம்," என்றாள்.

டொக்டர் பேணாட்டைப் பார்த்தார். "நீங்க அடிச்சுப் பார்த்தீங்களா?"

பேணாட் தலையைக் குனிந்தார். "ஓம்."

"சரி வந்திச்சா?"

"இல்ல."

"அப்ப அதில்ல காரணம்," என்றார். பிறகு புஸ்பராணியிடம் திரும்பினார். "இது உங்கட வளர்ப்புப் பிழையில்ல. பிள்ளையின்ட குற்றமும் இல்ல. இவவின்ட மூளையில பிரேக் பிடிக்கிற பக்கம் அரைத் தூக்கத்தில இருக்கு. முந்தின மருந்து முழுப் பிள்ளையையும் தூங்கவெச்சது. நான் தாறது அந்தப் பக்கத்த எழுப்புற மருந்து."

"எழுப்புறதோ?" புஸ்பராணி பயந்துபோனாள். "இவள் இன்னும் எழும்பினா நாங்கள் என்ன செய்யிறது டொக்டர்?"

ஸைனுலாப்தீன் சிரித்தார். "எல்லாத் தாய்மாரும் இதைத்தான் கேக்கிறாங்க. எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவரும் எண்டு நான் சொல்லமாட்டேன். எவ்வளவு குடுக்கிறது எண்டதும் பிள்ளைக்குப் பிள்ளை வேற. நீங்க பார்த்து வந்து சொல்லோணும். பிள்ளை அடங்கியிருக்கா எண்டு பார்க்காதீங்க. பிள்ளை பிள்ளையா இருக்கா எண்டு பாருங்க."

காலையில் ஒரு குளிசை, மத்தியானம் ஒன்று. சின்ன வெள்ளைக் குளிசை. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். நகரத்துப் பாமசிக்காரர் சொல்லி வைத்து எடுத்துத் தந்தார்.

பள்ளி விடுமுறையிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். முதல்நாளே வித்தியாசம் தெரிந்தது. கிறிஸ்டின் மேசைக்கு முன்னால் இருந்து ஒரு பக்கம் முழுதும் எழுதினாள். கண் தெளிவாக இருந்தது. கேட்டதற்கு மறுமொழி வந்தது. பேணாட் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. இறாலைத் தள்ளிவைத்தாள். விரல் ஓரத்துத் தோலை இரத்தம் வரப் பிய்த்தாள். பொழுதுபடுகிற நேரம் மருந்தின் வேகம் இறங்கியதும், செருப்பு வார் அறுந்ததற்கெல்லாம் தேம்பித் தேம்பி அழுதாள். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது.

"இதுவும் வேண்டாம்," என்றாள் புஸ்பராணி. குளிசைப் போத்தலை எடுத்துக்கொண்டு குப்பைவாளிக்கு முன்னால் போய் நின்றாள். "எந்த மருந்தைக் குடுத்தாலும் பிள்ளையில ஒரு துண்டை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருது."

பேணாட் எழும்பிப்போய்ப் போத்தலை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "பார்த்து வந்து சொல்லத்தானே சொன்னவர். போய்ச் சொல்லுவம். சொல்லாம எறிஞ்சா, நாங்கள் பார்த்தது வீண்."

திரும்பவும் கண்டிக்குப் போனார்கள். புஸ்பராணி ஒன்றையும் ஒளிக்கவில்லை. இறால், விரல் தோல், பின்னேர அழுகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். டொக்டர் இடைமறிக்காமல் கேட்டார்.

"பாதியாக்குவோம்," என்றார். "காலையில வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அரை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்."

குளிசையை அரையாக வெட்டுவது புஸ்பராணிக்குக் கைவந்துவிட்டது. பாண் வெட்டுகிற கத்தியின் நுனியால் ஒரு அழுத்து. பள்ளி திரும்பத் தொடங்கியதும் மத்தியான அரையைக் கொன்வென்டில் யார் கொடுப்பது என்று கேள்வி வந்தது. பொறுப்பெடுக்க ஏலாது என்றார் தலைமைச் சிஸ்டர். அதனால் புஸ்பராணி சோற்றுக் கோப்பையோடு வெயிலில் நடந்துபோய், மரத்துக்குக் கீழே பிள்ளையைச் சாப்பிட வைத்து, தானே கொடுத்துவிட்டு வருவாள். மழை நாளில் ஸல்ஹா குடையோடு கூட வந்தாள்.

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கிறிஸ்டின் இன்னும் செருப்பைத் தொலைத்தாள். கொப்பி நடுவில் மீன் படம் கீறினாள். ஆனால் கணக்கில் பாதியை முடித்தாள். தெருவைக் கடக்கமுன் நின்றாள். இறாலைக் கேட்டு வாங்கித் தின்றாள். பின்னேரங்களில் பேணாட்டின் கழுத்தில் தொங்கினாள். கிரேனுக்கு மேலே இருக்கும்போது மூத்திரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டு அவரை மூச்சடைக்கச் சிரிக்க வைத்தாள்.

வருடக் கடைசியில் ஒருமுறை பாமசியில் குளிசை முடிந்துபோயிற்று. கொழும்பிலும் இல்லை, வர ஒரு கிழமை செல்லும் என்றார்கள். புஸ்பராணி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பள்ளியிலிருந்து எப்போது ஆள் வருமோ என்று வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். ஒருவரும் வரவில்லை. மத்தியானம் குளிசை இல்லாமல் சோறு மட்டும் கொண்டுபோனபோது சீலா ரீச்சர் மரத்தடிக்கு வந்தாள்.

"அக்கா, இவள் இண்டைக்குக் காலமை என்னட்ட வந்து என்ன சொன்னவள் தெரியுமோ? 'ரீச்சர், என்ர குளிசை கப்பல்ல வருது. வரும்வரைக்கும் நான் ஓடுவன். என்னை முன் வாங்கில இருத்துங்கோ, கனக்க எழுதத் தராதேங்கோ' எண்டாள்."

புஸ்பராணி மகளைப் பார்த்தாள். மகள் சோற்றுக்குள் மீன் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள் ரீச்சர்?"

"முன் வாங்கில இருத்தினனான். பிறகு கரும்பலகை துடைக்கிற வேலையை அவளுக்கே குடுத்திட்டன். தேவையில்லாமலும் துடைக்கிறாள். துடைக்கட்டும்."

கிறிஸ்டின் கடைசி வாயை விழுங்கமுன்னரே எழும்பி ஓடினாள். கை கழுவவில்லை. பாதி தூரம் போய்விட்டு ஞாபகம் வந்து, குழாயடிக்குத் திரும்பினாள்.

"மெதுவா மகள்," என்றாள் புஸ்பராணி. சொல்லிவிட்டு, சோற்றுக் கோப்பையைக் கழுவ அவளும் குழாயடிக்கு நடந்தாள்.