மூக்குக்கண்ணாடி ஒன்று, ஓட்டு இரண்டு

மேல்வயலில் நிற்கும் சினைப் பசுவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, தேர்தலன்று காலை கொட்டும் மழையில் அண்ணன் மலாக்கி கிளம்பினார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அண்ணி டீலியா முட்டைக் கூடையை எடுத்தாள். "வின்னி, வா. முட்டை கொடுத்துட்டு வரலாம்" என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்துப் பாதையில் திரும்பியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்கள் மேற்கு டன்கார்வா தொகுதியில் அதுவரை யாரும் ஓட்டுப் போட்டதே கிடையாது. தொகுதி உண்டான நாளிலிருந்து ஒரே கட்சி, ஒரே ஆள் நிற்பார். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் அவரே ஜெயித்ததாக அறிவிப்பார்கள். மலையுச்சியில் நெருப்பு மூட்டிக் கொண்டாடுவோம். அண்ணன் அந்த நெருப்பருகில் நின்று, "ஓட்டுப் போடுறதுன்னா சும்மாவா? நிதானம் வேணும், அனுபவம் வேணும்" என்று பிரசங்கம் செய்வார்.

"நீ எந்த வருஷம் போட்டே?" என்பாள் அண்ணி.

"போட்டியே இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

இந்த முறை இரண்டு பேர் நின்றார்கள். முப்பது வயது தாண்டி, சொந்த நிலமோ நிலமுள்ள புருஷனோ இருந்த பெண்களுக்கும் ஓட்டு வந்திருந்தது. எனக்கு வயது நாற்பது. ஆனால் புருஷனும் இல்லை, நிலமும் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. அண்ணன் பழைய கட்சி. அண்ணி புதிய கட்சி. அவளுடைய தம்பி அதற்காகச் சிறையில் இருந்தான்.

"உன் ஓட்டு என்னுதைத் தின்னுடும், என் ஓட்டு உன்னுதைத் தின்னுடும். ரெண்டு பேரும் எதுக்கு நனையணும்? வீட்டிலயே இருப்போம்" என்று முந்தின நாள் ராத்திரி சொன்னார் அண்ணன். அண்ணியும் கைகொடுத்து ஒப்புக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து வரிசையில் கல்யாண வீட்டுக் களை. ஓட்டுப் போடும் மறைப்புப் பலகைக்குக் கீழே அண்ணனின் பூட்ஸ் தெரிந்தது.

"பசு இங்கயா மேயுது?" என்றாள் அண்ணி என் காதில்.

பூட்ஸ் நகரவேயில்லை. வரிசை முணுமுணுத்தது. "ஐயா, படிக்கச் சிரமமா இருந்தா பேரைச் சொல்லுங்க, நானே குறிச்சுத் தரேன்" என்றார் அதிகாரி.

"வேண்டாம், வேண்டாம். இதெல்லாம் நிதானமாப் பண்ணணும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டில் இருப்பதே ஒரு மூக்குக்கண்ணாடி. பசு பார்க்கப் போகிறவர் அதை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது அண்ணியின் பையில் இருந்தது. தன் சீட்டைப் படிக்க அவள்தான் எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணி, பேசாம இரு. அவர் ஓட்டு வீணாப் போகட்டும். உன் தம்பியை நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள். "அந்தக் குருட்டுக் கோழிகிட்ட இதைக் கொடுங்க."

வரிசை வெடித்துச் சிரித்தது. பலகைக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"டீலியா?"

"நான்தான். பசு சௌக்கியமா?"

சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்த அண்ணனின் முகம் காது வரை சிவந்திருந்தது. அடுத்தது அண்ணி. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடியும் துடைத்தார். பிறகு, அத்தனை பேர் பார்க்க, அவரே அதை அவள் காதுகளில் மாட்டிவிட்டார்.

"நிதானமாப் போடு. அனுபவஸ்தன் சொல்றேன்."

நாலே வருஷத்தில் தொகுதிகளை மாற்றி அமைத்ததில் அந்தத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது. அது கண்ட ஒரே ஓட்டுப்பதிவு அன்றையதுதான். எனக்கும் பிறகு ஓட்டு வந்தது, வேறு பெயர் கொண்ட தொகுதியில். ஆனாலும் அன்றைக்குப் பட்ட சந்தோஷம் வேறு.

மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு அண்ணி பலகைக்குப் பின்னால் போனாள். அண்ணன் என் கையிலிருந்த முட்டைக் கூடையை வாங்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பலகைக்குக் கீழே தெரிந்த அவளுடைய நனைந்த பூட்ஸையே பார்த்தபடி நின்றார்.